ரெண்டு போடு, ரெண்டு விடு

காஸாபிளாங்காவின் தர்ப் கல்லஃப் சந்தையில் கம்ப்யூட்டருக்கு ரேம் என்னும் நினைவகப் பட்டை வாங்க வருகிறவனுக்கு மீலூத் கடையில் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அவர் கேட்பது மூன்றே கேள்வி, எடுத்துக் கொடுப்பது ஒரு ஜோடி. இதில் மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள என்ன இருக்கிறது என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், சொந்த மகளுக்குச் செய்துவைத்த கம்ப்யூட்டரில் என்ன ரேம் போடுவது என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். காஸாபிளாங்காவில் வேறு யாராவது இப்படி யோசித்திருந்தால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில், சந்து திரும்பும் மூலையில், இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டிய இடம். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விரல் நீளத்தில் பச்சையும் கறுப்புமாக ரேம் பட்டைகள் வரிசையாக நிற்கும். மீலூதின் சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்று இருக்கும். பட்டையின் தங்க நிற விளிம்பில் அழுக்குப் படிந்து கம்ப்யூட்டர் கண் விழிக்காமல் கிடந்தால், அந்த ரப்பரால் நாலு தேய் தேய்த்து உயிர் கொடுத்துவிடுவார்.

மகளுக்கான கம்ப்யூட்டர் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த வெள்ளை கேபினெட், மகள் வியாம் தானே தேர்ந்தெடுத்தது. உள்ளே எல்லாம் தயார். மின்விசிறி மாட்டியாயிற்று, ஒயர்களை எல்லாம் பின்னல் பின்னுவது போலச் சீவிக் கட்டியாயிற்று. மதர்போர்டில் ரேம் மாட்டும் நாலு ஸ்லாட் மட்டும் காலியாகக் கிடந்தன. சந்தில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் வேடிக்கை.

எதிர்க்கடை பூஷைப், கேபினெட்டும் பவர் சப்ளையும் விற்பவர், தினம் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக அதை எட்டிப் பார்ப்பார்.

"என்ன ஸீ மீலூத், இன்னும் மாப்பிள்ளை அமையலையா?"

"நல்ல ஜோடி வரணும்யா. அவசரப்பட்டு எதையாவது மாட்டிட முடியுமா?"

"உன் பெட்டிக்குள்ள நாப்பது ஜோடி நிக்குது. ஒண்ணு கூடவா புடிக்கல?"

"நீ போய் உன் கடையப் பாரு கூயா."

பூஷைப் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஐயா என்று 'ஸீ' போட்டும் சகோதரா என்று 'கூயா' போட்டும் கூப்பிட்டுக்கொள்ளும் இருபது வருடச் சிநேகிதம். அதற்கு மேல் கேட்டால் மீலூதுக்குக் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

மீலூத் இந்தச் சந்தைக்கு வந்தபோது வயது பதினாறு. ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வரும் செத்த கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பிரித்துப் போடும் வேலை. எவனுக்கும் வேண்டாத ரேம் பட்டைகளை முதலாளி ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி, "இதையும் எடுத்துக்கடா" என்று கொடுத்துவிட்டார். பத்துப் பட்டையைத் தேய்த்தால் மூன்று பிழைத்தது. அந்த மூன்று முப்பதாகி, இந்தக் கடை. மற்ற பாகங்கள் எல்லாம் சண்டைக்கு வரும் சாமான்கள், சூடாகும், இரையும், புகையும். ரேம்தான் இருக்கிற இடம் தெரியாமல் வேலை பார்க்கும் என்பது அவர் சொல்லும் காரணம். அவரே கொஞ்சம் அப்படிப்பட்ட மனிதர்தான்.

அவர் கேட்கும் மூன்று கேள்விகளில் முதல் இரண்டை எந்தக் கடைக்காரனும் கேட்பான். இதை வைத்து என்ன வேலை செய்வாய்? ஒரே நேரத்தில் எத்தனை திறந்து வைப்பாய்? மூன்றாவதுதான் மீலூதின் சொந்தக் கேள்வி: வீட்டில் இதன் முன்னால் வேறு யார் யார் உட்காருவார்கள்? கணக்கு எழுதத்தான் கம்ப்யூட்டர் என்று ஒருவன் சொல்லுவான். மூன்றாவது கேள்வியைக் கேட்டால்தான், சாயங்காலம் தம்பி வந்து கார்ப் பந்தயம் விளையாடுவான், ராத்திரி அக்கா ஏழு சீரியலை ஒன்றாகத் திறந்து வைப்பாள் என்று குடும்பமே வெளியே வரும்.

பதில் எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான். "ரெண்டு போடு, ரெண்டு விடு." ஒரே பெட்டியில் பிறந்த ஜோடியாக இரண்டு பட்டை, இரண்டாவது ஸ்லாட்டிலும் நாலாவது ஸ்லாட்டிலும். மீதி இரண்டு காலியாகவே இருக்கட்டும். இரண்டு பட்டை சேர்ந்து ஓடினால் வேகம். நாலையும் அடைத்தால் இந்தக் காலத்து மதர்போர்டு திணறும். நாளைக்குத் தேவை வளர்ந்தால் இடம் வேண்டுமே. இவ்வளவும் உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. ஸ்லாட் காலியாக இருக்கிறவன் ஒரு நாள் திரும்பி வருவான். அதுதான் மீலூதின் தொழில் ரகசியம்.

அந்த ரகசியத்தில் முதலில் மாட்டியது அவர் மனைவி கெல்தூம். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் அவள் இருந்தாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அந்த மேசைக் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்துபோகிறது என்று மீலூதைக் கூப்பிட்டார்கள். வந்தார், இரண்டு போட்டார், இரண்டு விட்டார், போய்விட்டார். அடுத்த மாதம், பத்தவில்லை என்று அவளே கடை தேடி வந்தாள். அன்றைக்குத் தேநீர் ஆறிப் போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"நாலையும் அப்பவே போட்டிருக்கலாம். இந்த மனுஷன் வேணும்னேதான் விட்டிருக்காருன்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நாட்டை விட்டே போகிறவனுக்கு மீலூத் நாலையும் நிரப்பிவிடுவார். ஒரு தடவை அப்படி நடந்தபோது வியாமுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சனிக்கிழமைதோறும் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மருந்துக் கடைக்காரரின் மகன் ஒருவன் கனடாவுக்குக் குடிபோவதற்கு முன், எடுத்துப் போக ஒரு கம்ப்யூட்டர் செய்யச் சொன்னான். மீலூத் நாலு ஸ்லாட்டிலும் பட்டையைச் செருகுவதைப் பார்த்து அவள் நோட்டை மூடிவிட்டாள்.

"ஏன் பாபா அவனுக்கு மட்டும் நாலு?"

"அவன் திரும்பி வரமாட்டான் பின்தி, என் பொண்ணே. வர்றவனுக்குத்தான் இடம் விடணும்."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் எழுத உட்கார்ந்தாள். அவர் அதை அன்றைக்கே மறந்துவிட்டார்.

இப்போது வியாமுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. தலைநகர் ரபாத்தில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. ஊரெல்லாம் அலைந்து எழுதிய நுழைவுத் தேர்வு, கிடைக்காது என்று அழுதுகொண்டிருந்தபோது வந்த இடம். ரபாத் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். ஆனால் ஹை ஹஸனி பகுதியில் அவர்கள் வீட்டில் இருந்து பேருந்து, டிராம், ரயில், அங்கே மறுபடி ஒரு டிராம் என்று போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. வரைபட வேலையோ பொழுதுசாய்ந்தும் முடியாதாம். எனவே இரண்டு பெண்களோடு சேர்ந்து அங்கேயே ஒரு அறை பார்த்தாகிவிட்டது. ஞாயிறு காலை பூஷைப் சரக்கு எடுத்துக்கொண்டு ரபாத் போகிறார். அவருடைய வேனில் வியாமும் கம்ப்யூட்டரும் போவதாக ஏற்பாடு. வேனில் டிரைவர் பக்கத்தில் ஒரே ஒரு சீட், பெற்றவர்களுக்கு இடமில்லை.

இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாய்த்ததில்லை. கடையில் எவனும் சீந்தாத ஒன்று வீட்டுக்கு வரும், அதுவும் இருமி இருமி ஓடும். கசாப்புக்காரன் ராத்திரி தின்றது நூல்கோல் என்று அந்த ஊரில் ஒரு பழமொழி. கெல்தூம் அதை மாதம் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள். ஆகவே இந்தத் தடவை மீலூத் வரிந்து கட்டிக்கொண்டுதான் இறங்கினார். தேர்வு முடிவு வந்த அன்றைக்கே, இருக்கிறதிலேயே நல்ல ஜோடி ஒன்றை எடுத்து உள் இழுப்பறையில் ஒளித்தும் வைத்துவிட்டார். எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை. மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மாட்டவில்லை.

காரணம் கேட்டால் தினுசு தினுசாகச் சொன்னார். பட்டையின் உயரம் மின்விசிறியில் இடிக்குமோ என்று பார்க்கிறேன் என்றார். இதைவிட வேகமான ஜோடி துறைமுகத்தில் வந்து நிற்கிறது என்றார். வியாம் தினம் போனில் கேட்டாள்.

"பாபா, ஆச்சா?"

"நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்."

"இது எந்த இன்ஷா அல்லாஹ் பாபா? நடக்கப்போற இன்ஷா அல்லாஹ்வா, நடக்காத இன்ஷா அல்லாஹ்வா?"

மீலூத் வாடிக்கையாளர் வந்துவிட்டதாகச் சொல்லி போனை வைத்துவிடுவார். கடையில் ஈ கூட இருக்காது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். கோதுமைக் குருணையில் செய்த குஸ்குஸ் தட்டு நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. வழக்கமாக, கறித் துண்டைக் குஸ்குஸுக்கு அடியில் மறைத்து மகளின் பக்கமாகத் தள்ளிவிடுவது அவர் வேலை, அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அவர் பக்கமே தள்ளுவது அவள் வேலை. அன்றைக்கு வியாம் கையை நீட்டவே இல்லை.

"பாபா, என்கூட ரூம்ல இருக்கப்போற பொண்ணு சொன்னா. காலேஜுக்குப் பக்கத்துலயே ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்காம். நான் இப்படியே எடுத்துட்டுப் போறேன். ரேம் அங்கேயே போட்டுக்கறேன்."

மீலூதின் கையில் இருந்த குஸ்குஸ் உருண்டை தட்டிலேயே விழுந்தது. மீலூதின் மகள், இன்னொருத்தன் கடையில் ரேம் வாங்குவதாவது! சந்தில் தலைகாட்ட முடியுமா? ஆனால் அவருக்கு வலித்தது சந்தை நினைத்து இல்லை. தான் இல்லாமலும் அவளுக்கு நடந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

"நான் அப்படிச் சொன்னேனா? திங்கக்கிழமை கிளாஸ் பாபா! உங்களால முடியலன்னா..."

"முடியலன்னு யாரு சொன்னது?"

வியாமுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள். கெல்தூம் அவசரமே இல்லாமல் ஒரு பூசணித் துண்டைத் தின்று முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"மனுஷா, எங்க கிளினிக்குக்கு ரெண்டு மாதிரி ஆளுங்க வருவாங்க. பல்லு லேசா கூசுதுன்னா சொன்ன தேதிக்கு வந்துடுவாங்க. புடுங்கித்தான் ஆகணும்னு தெரிஞ்சவங்க இருக்காங்க பாருங்க, அவங்கதான் போன் பண்ணிப் போன் பண்ணித் தேதிய மாத்துவாங்க."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?"

"ரேம் போட்டா அந்த மிஷின் முடிஞ்சிடும். மிஷின் முடிஞ்சா பொண்ணு கெளம்பிடுவா. அதானே உங்க கணக்கு?"

மீலூத் தட்டில் விழுந்த உருண்டையை மறுபடி பிடித்தார்.

"போடலன்னாலும் போவா. போடாமப் போனா அழுதுட்டுப் போவா. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் கெல்தூம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, மீலூத் எல்லோருக்கும் முன்னால் கடையைத் திறந்தார். உள் இழுப்பறையில் இருந்து ஒளித்து வைத்த ஜோடியை எடுத்தார். பதினாறு ஜிபி பட்டைகள் இரண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லி, இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்று, நாலாவது ஸ்லாட்டில் ஒன்று. இரண்டு பக்கமும் க்ளிக் என்று பிடித்துக்கொண்டன. மூன்று வாரம் இழுத்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு காலி ஸ்லாட்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடமாக எதற்கு இடம் விட்டோம்? வாடிக்கையாளன் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வரட்டும் என்றுதானே? அது கொக்கி. பெற்ற பிள்ளைக்கா கொக்கி போடுவது? பத்தாமல் போகட்டும், நம்மிடம் ஓடி வரட்டும் என்று எந்தத் தகப்பன் நினைப்பான்? நாளைக்கு வரைபடம் ஒப்படைக்கிற அன்று மிஷின் திணறி நின்றுவிட்டால், தெரியாத ஊரில் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? அவருக்கு வெட்கமாக இருந்தது. போகட்டும், குறையில்லாமல் போகட்டும் என்று முடிவு செய்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்து இன்னொரு ஜோடியை எடுத்து மீதி இரண்டு ஸ்லாட்டையும் நிரப்பிவிட்டார்.

அதே பெயர், அதே நிறம், அதே அளவு. ஆனால் வேறு சமயம் வாங்கிய ஜோடி. இதைச் செய்யாதே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லாத வாடிக்கையாளன் கிடையாது. "ஒரே பேருன்னு பாத்து ரெண்டு ஜோடியக் கலக்காதே. ஒரு வயித்துல பொறந்ததுங்களே ஒத்துப்போக மாட்டேங்குது" என்பார். ஊருக்கு உபதேசம்.

பொத்தானை அழுத்தினார். புது ரேம் போட்டால் முதல் தடவை கண் விழிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், திரை கறுப்பாகவே இருக்கும், பயப்படக்கூடாது. அவர் பயப்படாமல் காத்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தது. கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு பொட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி கிளம்பியது. ரப்பரால் தேய்த்துப் பார்த்தார். இடம் மாற்றி, திரும்பவும் பழையபடி மாட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே கதை.

பூஷைப் தேநீர் டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"யா அல்லாஹ்! நாலு! அதுவும் ரெண்டு ஜோடியக் கலந்து! யாரு பண்ணது இது?"

"நான்தான்."

"நீயா? போன வாரம் ஒரு சின்னப் பையன் இதே மாதிரி பண்ணிட்டு வந்தப்ப, கழுதைக்குக்கூட இது தெரியும்னியே!"

"அந்தக் கழுதை இப்ப இங்கதான் நிக்குது. விடு கூயா."

பூஷைப் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்துப் பார் என்று மட்டும் சொன்னார். மீலூதும் அதைத்தான் செய்தார். படிப்படியாகக் குறைத்து, குறைத்து, நடுப்பகல் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒரு வழியாக நிலைத்து நின்றது. வாங்கிய வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டி ஓடியது. ஆனால் அணையவில்லை. நாலு ஸ்லாட்டும் நிறைந்திருந்தன. மீலூத் திருப்தியோடு கண்ணாடிக் கதவைத் துணியால் துடைத்தார்.

வியாம் மூன்று மணிக்கு வந்தாள். கேபினெட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போக வீட்டில் இருந்து கம்பளிப் போர்வை கொண்டுவந்திருந்தாள். நேற்றைய கோபம் முகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மகளிடம் நேராகச் சமாதானம் பேச மீலூதுக்கு வராது. கடைக்காரனாக, அம்மணி என்று 'லல்லா' போட்டுப் பேசினால்தான் வரும்.

"வாங்க லல்லா. இத வெச்சு என்ன வேலை பண்ணப்போறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"கட்டடம் வரையப்போறேன்."

"ஒரே நேரத்துல எத்தன திறப்பீங்க?"

"இருக்கறது எல்லாத்தையும்."

"வீட்டுல வேற யாரு யாரு இது முன்னாடி உக்காருவாங்க?"

பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. வியாம் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"யாரும் இல்ல பாபா. நான் மட்டும்தான்."

மீலூத் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். அப்போதுதான் கண்ணாடி வழியாக அவள் உள்ளே பார்த்தாள். சிரிப்பு அணைந்துபோயிற்று.

"நாலு போட்டிருக்கீங்க."

"ஆமா பின்தி. அறுபத்துநாலு ஜிபி! உன் கிளாஸ்ல எவன்கிட்டயும் இருக்காது. ஒரு கொறையும் இருக்கக் கூடாதுன்னுதான்..."

"ஊருக்கெல்லாம் ரெண்டு போடு, ரெண்டு விடு. எனக்கு மட்டும் நாலா?"

"உனக்குப் பத்தாமப் போயிட்டா?"

"அந்தக் கனடாக்காரனுக்குப் போட்ட மாதிரி எனக்கும் நாலா?" அவள் கண்ணாடியில் விரலால் தட்டினாள். "நான் என்ன திரும்பி வராத கஸ்டமரா பாபா?"

 அவள் இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பாள் என்று அவர் கனவிலும் எண்ணவில்லை. காலையில் அவர் மனதாரக் கொடுத்து அனுப்புகிறோம் என்று செய்தது, அவள் கண்ணுக்கு இப்படியா தெரியும்?

"இல்ல பின்தி... நான் அப்படி நெனைக்கல. இடம் விட்டா உன்னப் புடிச்சி வெக்கிற மாதிரி ஆயிடுமேன்னு பயந்தேன்."

"புடிச்சி வெச்சாத்தான் என்ன இப்போ?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மின்சாரத்தை அணைத்தாள். கண்ணாடிக் கதவைக் கழற்றினாள். உள்ளே கை விடுவதற்கு முன், உடம்பில் இருக்கும் மின்சாரம் பட்டையைக் கெடுக்காமல் இருக்க, இரும்பைத் தொட்டுக்கொண்டாள். ஒன்றாவது ஸ்லாட்டின் பட்டையையும் மூன்றாவதின் பட்டையையும், நகம் படாமல், விளிம்பைப் பிடித்து எடுத்தாள். அவர் ஒரு நாளும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த ஸ்டூலில் இருந்தே எல்லாம் பார்த்திருக்கிறாள்.

பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாக இருந்தது. தகப்பனும் மகளும் காத்திருந்தார்கள். எதிர்க்கடையில் பூஷைப் வாடிக்கையாளரிடம் பேசுவது போலப் பாவனை செய்துகொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்தது. குறைத்து வைத்த வேகத்தை அவள் ஏற்றினாள், முழு வேகத்துக்கு. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, அணையவே இல்லை.

வியாம் அந்த இரண்டு பட்டைகளையும் அப்பாவின் சட்டைப் பையில், ரப்பரோடு சேர்த்துப் போட்டாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். பத்தலன்னா வருவேன். வித்துடாதீங்க."

"வல்லாஹி, சத்தியமா விக்கமாட்டேன்" என்றார் மீலூத். அழுதுவிட்டார். சந்து முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை வாசலில் வேன் நின்றது. கம்பளியில் சுற்றிய கம்ப்யூட்டரைப் பூஷைப் கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கிப் பின்னால் வைத்தார். வேன் நகர்ந்ததும் கெல்தூம் ஒரு செம்புத் தண்ணீரை அதன் பின்னாலேயே தெருவில் வீசி ஊற்றினாள். பயணம் போகிறவர் திரும்பி வர வேண்டும் என்று ஊற்றுவது.

"ஒரு செம்பு போதுமா?" என்றார் மீலூத்.

"நான் தண்ணி ஊத்தினேன், நீங்க எடம் விட்டீங்க. போதும், உள்ள வாங்க" என்றாள் அவள். அன்றைக்கு அவள் நூல்கோல் பழமொழியைச் சொல்லவில்லை.

அந்த ஜோடியை மீலூத் கண்ணாடிப் பெட்டியின் முன் வரிசையிலேயே வைத்தார். மேலே ஒரு சீட்டு: 'விற்றாகிவிட்டது'. முதல் வாரத்திலேயே ஒருவன் கேட்டான். அடுத்த வாரம் இன்னொருவன், கூடுதல் விலை தருகிறேன் என்றுகூடச் சொன்னான்.

"வித்தாச்சுன்னு எழுதியிருக்கேன்ல? ஆளு வந்து வாங்கிக்கும்" என்று மீலூத் எரிந்து விழுந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், சந்து மூலையில் முதுகுப்பையோடு வியாம் வருவதைப் பூஷைப்தான் முதலில் பார்த்தார். "ஸீ மீலூத்! உன் கஸ்டமர்!" என்று கத்தினார். மீலூத் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. பெட்டியைத் திறந்து, சீட்டோடு சேர்த்து அந்த ஜோடியைக் கையில் எடுத்துவிட்டார்.

"பத்தலையா பின்தி?"

அவள் சாய்ந்த ஸ்டூலை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் நல்லாப் பத்துது பாபா" என்றாள். "பசிக்குது."